எஞ்சினுக்கு வாழ்நாள் உத்தரவாதமாம், நம்பி எடுக்கலாமா? – வாகனக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு விற்கிறவர்களுக்குள் போட்டி கூடிவிட்டது. விலையைக் குறைத்துப் போட்டி போட வரியும் டொலரும் விடுவதில்லை, ஆகவே வாக்குறுதியைக் கூட்டிப் போட்டி போடுகிறார்கள். ரயர், பெற்றோல் செலவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இம்முறை முழுக்க உத்தரவாதக் கதைதான்.

கேள்வி: மகனுக்கு 2017ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் ஒன்று பார்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் விற்கிற ஒருவர் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ தருவதாகச் சொல்கிறார். இதே மாதிரிக் கார் இன்னோர் இடத்தில் மூன்றரை லட்சம் குறைவு, ஆனால் அங்கே உத்தரவாதம் எதுவும் இல்லை. லீசிங்கில்தான் எடுக்கிறோம். மகனுக்கு வவுனியாவில் வேலை. உத்தரவாதப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். நம்பலாமா?
– ஒரு தந்தை, கோண்டாவில்

பதில்: படத்தை அனுப்பினீர்களே, அது பெரிய உதவி ஐயா. பலர் ‘வொரண்டி இருக்காம்’ என்று மட்டும் எழுதுவார்கள், பேப்பரைக் காட்டமாட்டார்கள். பேப்பரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் என்னத்தைச் சொல்வது?

நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப் போகிற மூன்றரை லட்சம், இன்றைக்கு அவர் கைக்குப் போகிற காசு. அதற்குப் பதிலாக அவர் செய்யவேண்டியது என்றைக்கோ ஒருநாள், ஐந்து வருடமோ எட்டு வருடமோ கழித்து. சீட்டுப் பிடிக்கிற ஒருவரிடம் சேருமுன் நம்மூரில் என்னென்ன விசாரிப்போம்? ஆள் எந்த இடம், எத்தனை காலமாகப் பிடிக்கிறார், முன்பு பிடித்த சீட்டைக் கடைசி ஆள்வரை கொடுத்து முடித்தாரா. இதை எல்லாம் கேட்காமல் ஒரு சதமும் கட்டமாட்டோம். ஆனால் கார் என்றவுடன் பளபளப்பைப் பார்த்ததும் விசாரணை நின்றுவிடுகிறது.

ஆகவே முதல் கேள்வி, உத்தரவாதம் தருகிறவர் சட்டப்படி யார் என்பது. பத்திரத்தின் அடியில் உள்ள பெயரைப் பாருங்கள். உங்கள் படத்தில் வெறும் கடைப் பெயரும் ஒரு ரப்பர் முத்திரையும்தான் தெரிகிறது, பதிவு இலக்கம் இல்லை. அது ஒரு தனிநபர் வியாபாரமா, 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த லிமிடெட் கம்பனியா என்று கேளுங்கள். லிமிடெட் என்றால் பெரிய இடம், பாதுகாப்பு என்று நினைப்போம். கடன் பொறுப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் மறுவளம்தான். லிமிடெட் கம்பனி கொடுத்த வாக்கு அந்தக் கம்பனியோடு முடிந்துவிடும், அதை மூடிவிட்டு அதே வளவில், அதே ஆள், வேறு பெயரில் தொடங்கினால் புதிய கம்பனிக்கு உங்கள் பத்திரத்தோடு ஒரு தொடர்பும் கிடையாது. தனிநபர் வியாபாரம் என்றால் கடையை மூடினாலும் ஆளின் பொறுப்பு போகாது. இந்த இரண்டையும் விடப் பலமானது, இலங்கையில் பதிவுள்ள ஒரு காப்புறுதி நிறுவனம் அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் நிற்பது. ‘இதற்குக் காப்புறுதி போட்டிருக்கிறீர்களா, பத்திரத்தைப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

இனிப் பத்திரம். ‘எண்ணெயில் இயங்கும் உட்பாகங்கள் மட்டும்’ என்று இரண்டாம் வரியில் இருக்கிறது. பிஸ்டன், கிராங்க், கியர் பற்கள் இவைதான் அது. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய காரில் இவை இலேசில் உடையாது, இதைத் தெரிந்துதான் தைரியமாக வாழ்நாள் என்று எழுதுகிறார்கள். பழுதாகிறவை வேறு: சென்சர், வோட்டர் பம்ப், ரேடியேட்டர், சீல், காஸ்கட், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர், ஹைபிரிட் பற்றரி. ஒன்றும் பட்டியலில் இல்லை.

அதற்குக் கீழே ஒரு சின்ன வரி: ‘அதிக வெப்பத்தால் ஏற்படும் சேதங்கள் அடங்கா’. இந்த வரியில்தான் மூன்றரை லட்சமும் கரைகிறது ஐயா. அக்வாவில் வோட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் திரவம் சுற்றாது. மத்தியான வெயிலில் ஏ9 வீதியில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்து, சாரதி சிவப்பு வெளிச்சத்தைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து எஞ்சின் போய்விடும். இப்போது பாருங்கள்: பம்ப் பட்டியலில் இல்லை, பம்ப் செத்ததால் எஞ்சின் சூடானது, சூடானால் உத்தரவாதம் இல்லை. இங்கே கராஜுக்கு வருகிற செத்த எஞ்சின்களில் ஏராளமானவை சூட்டினால் செத்தவை. மெக்கானிக் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சேர்விஸ் நிபந்தனை. 5,000 கிலோமீற்றருக்கு அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை அவர்களுடைய இடத்திலேயே செய்யவேண்டும், ஒருமுறை தவறினாலும் ரத்து. மகன் வவுனியாவில் இருக்கிறார் என்கிறீர்கள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒருநாள் லீவு எடுத்து யாழ்ப்பாணம் வந்து போவாரா? ஆறு மாதம் வருவார், பிறகு ஒரு முறை விடுவார், அத்தோடு ‘வாழ்நாள்’ சரி. சேர்விஸ் விலையையும் பத்திரத்தில் எழுதவில்லை. உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் சொல்கிற விலைக்கெல்லாம் தலையாட்டவேண்டி வரும். நேர்மையான ஆளும் இந்த நிபந்தனையைப் போடுவார், ஏனென்றால் எண்ணெய் மாற்றாத எஞ்சினுக்கு யாரும் பொறுப்பு நிற்கமுடியாது. ஆனால் அப்படிப்பட்டவர், ‘வேறு கராஜில் செய்தால் பில்லையும் எண்ணெய் வகையையும் காட்டினால் போதும், ஓரிரு வாரம் பிந்தினாலும் பரவாயில்லை’ என்று எழுதித் தர மறுக்கமாட்டார். இதைக் கேட்டுப் பார்த்தீர்களா?

‘முதல் கொள்வனவாளருக்கு மட்டும்’ என்றும் இருக்கிறது. விற்றால் போய்விடும் என்பது தெரிந்ததுதான், விற்பவருக்கு அது வசதி, ஏனென்றால் நம்மில் பலர் காரை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். ஆனால் லீசிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்லமாட்டார்கள். லீசிங்கில் விற்பவர் காரை விற்பது லீசிங் கம்பனிக்கு. இன்வொய்ஸ் அவர்களுடைய பெயருக்குப் போகும், பதிவுப் புத்தகத்திலும் முழு உரிமையாளர் அவர்கள்தான். அப்படியென்றால் பத்திரத்தில் உள்ள ‘கொள்வனவாளர்’ யார்? பிணக்கு வருகிற அன்று விற்றவருடைய சட்டத்தரணி இதைத்தான் முதலில் தூக்குவார். மகனுடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், காரின் சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் நாலும் பத்திரத்தில் இருக்கவேண்டும்.

கடைசி வரியை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘பழுது உத்தரவாதத்தில் அடங்குமா என்பது பற்றிய இறுதித் தீர்மானம் நிறுவனத்துடையது.’ அவரே கடன்காரர், அவரே நீதவான். இந்த ஒரு வரியை வெட்டாமல் மற்றதைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. வெட்டுவதென்றால் பேனையால் வெட்டி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கவேண்டும். ‘சும்மா போட்டிருக்கிறோம் அண்ணை, நாங்கள் அப்படியான ஆட்களா’ என்பது வெட்டாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஆள் நல்லவராக இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. ஒன்று, உத்தரவாதம் வேண்டாம், அதைக் கழித்துவிட்டு என்ன விலை என்று கேளுங்கள். உடனே மூன்று லட்சம் இறங்கினால் அந்தப் பேப்பரின் விலை அவ்வளவுதான் என்று அவரே சொல்லிவிட்டார், அது காருக்கான விலை அல்ல. ஒரு சதமும் இறங்கவில்லை என்றால் அந்த உத்தரவாதத்தால் தனக்கு ஒரு செலவும் வராது என்று அவர் நினைக்கிறார், நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இந்த உத்தரவாதத்தில் எஞ்சின் திருத்திக் கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் தொடர்பைக் கேளுங்கள். கார் எடுத்துச் சந்தோஷமாக இருக்கிறவர் வேண்டாம், அவரைப் போல நூறு பேரைக் காட்டலாம். பழுது வந்து, காசு வாங்காமல் திருத்திக் கொடுத்த ஒரே ஒரு ஆள் போதும்.

என்னைக் கேட்டால், வாழ்நாளை விட்டுவிட்டு ஒரு வருடம் கேளுங்கள். எஞ்சின், கியர்பொக்ஸ், கூலிங் சிஸ்டம், ஹைபிரிட் பற்றரி எல்லாவற்றுக்கும், பாகமும் கூலியும் சேர்த்து ஒரே ஒரு வருடம். மறைத்து விற்ற கோளாறு என்றால் பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும். காரில் நம்பிக்கை உள்ளவர் யோசித்துவிட்டுச் சரி என்பார், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்காவது இறங்கி வருவார். ‘வாழ்நாள் தாறன், ஒரு வருடம் தரமாட்டன்’ என்று நிற்கிறவரிடம் நான் என்றால் கார் எடுக்கமாட்டேன்.

உத்தரவாதம் இல்லாத, விலை குறைந்த மற்றக் காரையும் விட்டுவிடாதீர்கள். மூன்றரை லட்சத்தில் ஒரு சிறு துண்டைச் செலவழித்து, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கான் போட்டு, எஞ்சினின் அழுத்தத்தை (கொம்பிரெஷன்) பார்த்து, பற்றரி புளொக்குகளின் வோல்ற்றேஜையும் பாருங்கள். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் கிலோமீற்றர் பதிவு இருக்கும், மீற்றரோடு ஒப்பிடுங்கள். ஜப்பானில் கார் ஏலம்போனபோது எழுதிய ஏலத் தாளில் தரம் ‘ஆர்’ என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். எல்லாம் சரி என்றால் அதை எடுத்து, மிச்சக் காசை மகனுடைய பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள். பம்ப் போனாலும் பற்றரி போனாலும் அது கைகொடுக்கும், யாரிடமும் போய்க் கெஞ்சவும் தேவையில்லை.

கேள்வி: தம்பி ஸ்காபரோவில் ஒரு பழைய கார் எடுக்கிறான். அங்குள்ள டீலர் ‘லைஃப்டைம் பவர்டிரெய்ன் வொரண்டி’ (எஞ்சின், கியர்பொக்ஸுக்கு வாழ்நாள் உத்தரவாதம்) இலவசம் என்றாராம். ‘இது கனடா அக்கா, இங்கே ஏமாற்ற ஏலாது’ என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். உண்மையா?
– வாசகி, சங்கானை

பதில்: வெளிநாடு என்றால் பேப்பர் சுத்தமாக இருக்கும், எழுத்துப் பிழை இருக்காது. மற்றப்படி விளையாட்டு ஒன்றுதான்.

இதில் பெரிய ஆட்களின் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பனி 2007இல் எஞ்சின், கியர்பொக்ஸ் பகுதிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் என்று அறிவித்தது. தெருமுனைக் கடை அல்ல, தயாரிப்பாளரே தந்தது. முதல் சொந்தக்காரருக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய டீலரிடம் காட்டிப் பரிசோதிக்கவேண்டும் என்று நிபந்தனை. 2009 ஏப்ரல் 30இல் அதே கிறைஸ்லர் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, அந்த வருடமே புதிய கார்களுக்கு வாழ்நாள் திட்டமும் நின்றது. அரசாங்கம் முண்டுகொடுத்ததால் ஏற்கெனவே கொடுத்த உத்தரவாதங்கள் பிழைத்தன. ஆனால் ஐந்தாவது வருடப் பரிசோதனையை மறந்தவர்களுக்கு அரசாங்கமும் உதவ முடியாதே. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாதபோது, ஐந்து வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட ஒரு திகதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அமெரிக்காவில் இதற்கென்று 1975ஆம் ஆண்டிலிருந்தே மக்னசன்–மொஸ் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. உற்பத்தியாளர் தன்னுடைய பாகத்தையே போடவேண்டும், தன்னுடைய இடத்திலேயே சேர்விஸ் செய்யவேண்டும் என்று உத்தரவாதத்தில் நிபந்தனை போட, அவற்றை இலவசமாகத் தந்தாலொழிய, அந்தச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. ‘லைஃப்டைம்’ என்று விளம்பரம் செய்தால் எதனுடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்று அங்கே வியாபாரத்தைக் கண்காணிக்கிற பெடரல் ட்ரேட் கமிஷனின் வழிகாட்டியிலும் இருக்கிறது. இதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம், ஸ்காபரோவுக்குப் பொருந்தாது. தம்பி இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கக்கூடும், இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சட்டம்தான் முதலில் வரும்.

ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கார் டீலர்களைப் பதிவுசெய்து கண்காணிப்பது ஓம்விக் என்கிற அமைப்பு. டீலர் அங்கே பதிந்தவரா என்று தம்பியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: அங்கே டீலரிடம் கார் எடுத்துக் கையெழுத்துப் போட்டபின், மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிற உரிமை கிடையாது. ஓடிய தூரம், முன்பு டக்ஸியாக ஓடியதா என்பது போன்ற சில விஷயங்களை டீலர் சொல்லாமல் மறைத்திருந்தால் மட்டும் 90 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம்.

‘இலவசம்’ என்பதைப் பற்றி: விலை நியாயமாக இருந்து, உத்தரவாதத்துக்காக ஒரு டொலரும் கூட்டாமல் இருந்தால் வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்கட்டும், நட்டமில்லை. டீலரின் சேர்விஸ் விலை, வெளியில் உள்ள விலையைவிட எவ்வளவு கூட என்று மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். இலவசத்தின் விலை அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் அக்வாவின் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது. ஒரு கடையில் திருத்தித் தந்து 3 வருட உத்தரவாதம் என்கிறார்கள், இன்னொரு கடையில் புதிது போட்டு 1 வருடம்தான் என்கிறார்கள், விலை இரண்டு மடங்கு. 3 வருடம்தானே நல்லது?
– ஆசிரியை, நெல்லியடி

பதில்: இல்லை ரீச்சர். உங்கள் அக்வாவின் பற்றரி ஒரே பெட்டி போலத் தெரிந்தாலும் உள்ளே 20 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரிகள், வரிசையாக இருக்கின்றன, எல்லாம் சேர்ந்து 144 வோல்ற். ‘திருத்துவது’ என்றால் பெரும்பாலும் செத்த ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டு, வேறொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்ததைப் போடுவது. மற்றவை அதே வயதுக்காரர்கள், இன்றைக்கு ஒன்று, ஆறு மாதத்தில் இன்னொன்று. மூன்று வருடத்தில் அவர்கள் உத்தரவாதத்தை மறுக்காமலே, ஒவ்வொரு முறையும் ஒரு மொடியூலை மாற்றித் தந்துகொண்டே இருக்கலாம். வாக்குத் தவறவில்லை, ஆனால் கார் பாதி நாள் கடையில் நிற்கும், நீங்கள் பாடசாலைக்கு ஓட்டோவில் போவீர்கள்.

ஆகவே வருடக் கணக்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: இரண்டாம் முறை பழுதானால் முழுப் பற்றரியையும் மாற்றுவீர்களா, இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தருவீர்களா? ஓம் என்றால் எழுதி வாங்குங்கள், அப்போது 3 வருடத்துக்கு மதிப்பு உண்டு. இல்லை என்றால், காரை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்குப் புதிதுதான் மலிவு. ஒரு வருடத்துக்குள் விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு, அதை வாங்கப் போகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்தப் பற்றரி போட்டாலும் பின் சீற்றுக்குப் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரத்தைத் துணிப்பை, கொப்பிக்கட்டு வைத்து மறைக்காதீர்கள். பற்றரி குளிர்வது அந்த வழியாகத்தான். நம்மூர்ப் புழுதிக்கு உள்ளே உள்ள விசிறியை இடைக்கிடை கழற்றித் துப்புரவாக்கவும் வேண்டும். தூசி அடைத்த விசிறியைக் காட்டி உத்தரவாதத்தை மறுப்பதும் வழக்கம்.

கேள்வி: உத்தரவாதத்தோடு எடுத்த காரில் இரண்டாம் மாதமே எஞ்சின் சத்தம். விற்றவர், ‘வேறு கராஜில் எண்ணெய் மாற்றினீர்கள், ஆகவே ரத்து’ என்கிறார். பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை, வாயால்கூடச் சொல்லவில்லை. லீசிங் மாதம் மாதம் போகிறது. என்ன செய்வது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கெதியாகச் செய்யவேண்டியதை முதலில் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் விற்றதைப் பற்றி அந்தச் சபைக்கு முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பவோ கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். விற்கிறவர் வாழ்நாள் என்று எழுதித் தந்தாலும் அந்தக் கதவு மூன்று மாதம்தான் திறந்திருக்கும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. ‘அடுத்த கிழமை வாங்கோ, முதலாளி கொழும்பில்’ என்று உங்களை அலைக்கழிப்பதில் அவர்களுக்கு என்ன இலாபம் என்று இப்போது விளங்கும். சபையின் 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேளுங்கள், அதோடு நிற்காமல் யாழ். கச்சேரிப் பக்கம் போய் எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரையோடு பிரதியை வாங்குங்கள்.

அதே நாளில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கோபம் வேண்டாம், வசை வேண்டாம். எடுத்த திகதி, சத்தம் தொடங்கிய திகதி, அப்போது ஓடியிருந்த கிலோமீற்றர், உத்தரவாதத்தின் எந்த வரிப்படி கேட்கிறீர்கள், 14 நாளுக்குள் பதில் வேண்டும். அவர் வைபரில் அனுப்பிய குரல் பதிவு, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். எண்ணெய் மாற்றிய கராஜின் பில்லையும், எந்த வகை எண்ணெய் என்பதையும் எடுத்து வையுங்கள். முக்கியமாக, எஞ்சினை இப்போது யாரையும் கழற்ற விடாதீர்கள். கழற்றியபின் ‘நீங்கள் கழற்றியதால்தான்’ என்பார். கழற்றத்தான் வேண்டும் என்றால் அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, அவருடைய ஆளும் நிற்கக் கழற்றி, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சபையில் தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது, சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கமில்லை என்ற சான்றிதழ் எடுக்கவேண்டி வரும். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப்போட ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம் என்று காலவிதிப்புச் சட்டம் வைத்திருக்கிறது. உங்களிடம் பத்திரம் இருப்பது இங்கேதான் உதவும். பத்திரத்தில் இல்லாத நிபந்தனையை அவர் இப்போது புதிதாகச் சேர்க்க முடியாது என்பது உங்களுடைய பலமான பக்கம், சட்டத்தரணியிடம் போனாலும் அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

லீசிங் கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கார் ஓடவில்லை, நான் ஏன் கட்டவேண்டும் என்று தோன்றும், நியாயமான கோபம்தான். ஆனால் லீசிங் கம்பனிக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லி அவர்கள் காரை எடுத்துக்கொண்டு போனால், காட்டுவதற்கு எஞ்சினும் இருக்காது. காரின் உரிமையாளர் அவர்கள் என்பதால் முறைப்பாட்டுப் பிரதி ஒன்றை அவர்களுக்கும் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: காருக்கு அடியில் துரு பிடிக்காத பூச்சு, ‘லைஃப்டைம்’ என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: பூச்சு போடுங்கள், பண்ணைப் பாலத்தால் தினமும் உப்புக் காற்றில் போய்வருகிற காருக்கு அது தேவைதான். ‘லைஃப்டைம்’ என்பதற்காக ஒரு ரூபாவும் கூட்டிக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை காரைத் தூக்கிப் பார்த்து, உரிந்த இடத்துக்குத் திரும்பப் பூசுவார்களா என்று கேட்டு, பூசுவோம் என்கிறவரிடம் போடுங்கள். பூசுமுன் அடிப்பகுதியைக் கழுவி நன்றாகக் காயவிட்டார்களா என்று நின்று பாருங்கள். ஈரத்துக்கும் துருவுக்கும் மேலே பூசினால் அது உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியே கறுப்பாக வடிவாக இருக்கும்.

கேள்வி: எங்கள் அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடியது. இன்றும் ஓடுகிறது. அதற்கு யார் உத்தரவாதம் தந்தது? இன்றைய கார்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூத்து?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ஏ40இல் எது உடைந்தாலும் சுன்னாகத்திலோ ஸ்ரான்லி வீதியிலோ யாராவது கடைந்து செய்து போட்டுவிடுவார்கள், கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின தலைமுறை அது. அக்வாவின் இன்வேர்ட்டரைக் கடைந்து செய்ய ஏலாது, பாகத்துக்கும் ஸ்கான் மெசினுக்கும் யாரிடமோ போய் நிற்கவேண்டும், அங்கேதான் உத்தரவாதம் என்ற வியாபாரம் நுழைகிறது. உங்களிடம் இருக்கிறது என்று கேட்டபிறகு ஒரு வேண்டுகோள்: ஏ40இன் கார்புரேட்டரை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். அளவெட்டியில் ஒருவர் தன்னுடைய மொரிஸ் மைனருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.